மூக்கு மேடம்

சிவப்பு விளக்கைப் போட்டுவிட்டாள் கனி. இனி கஞ்சி என்ன நிறம் என்று யாருக்கும் தெரியாது, என் மூஞ்சி என்ன நிறம் என்றும் தெரியாது, அந்த மட்டுக்கு நல்லது. மூன்று பக்கமும் பலகைத் தடுப்பு. முன்னால் ரேஷன் கடை ஜன்னல் மாதிரி ஒரு சின்னக் கதவு. அதற்கு அந்தப் பக்கம் சண்முகக்கனி நிற்கிறாள், கஞ்சி கலக்கித் தருகிறவள், அவளுடைய கை மட்டும்தான் எனக்குத் தெரியும். ஆளுக்கொரு அறை. கேட்டு வாங்கியது நான்தான். வட்டமேசையைச் சுற்றி உட்கார்ந்து ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்துக்கொண்டே ருசி பார்க்கிறது விஞ்ஞானமே இல்லை, தடுப்பு வேண்டும், தனி அறை வேண்டும் என்று மேலிடத்தில் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். அப்போது தரவில்லை. எனக்கு மூக்கு இருந்த காலத்தில் தரவில்லை. போன மழையில் ஒரு காய்ச்சல் வந்தது, போகும்போது என் மூக்கையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது, எல்லாம் போன பிறகு இப்போது தந்திருக்கிறார்கள், புது பலகை, புது விளக்கு, இன்றைக்குத்தான் முதல் நாள். உட்கார் புஷ்பம். நீ ஆசைப்பட்ட அறைதான், நன்றாகச் சாய்ந்து உட்கார். சின்னக் கதவு திறக்கிறது, கனியின் கை வருகிறது, மூடி போட்ட மூன்று கிண்ணம், ஒரு டம்ளர் வெந்நீர், நாக்கின் ருசியை மாற்றிக்கொள்ள ஒரு பிடி பொரி. கதவு மூடிவிட்டது. மேலே ஆவி வரும், மூடியைத் திறந்ததும் முதல் ஆவியைப் பிடிக்க வேண்டும், முதல் ஆவியில்தான் எல்லாம் இருக்கிறது என்று எத்தனை பேருக்குப் பாடம் எடுத்திருக்கிறேன். திறக்கிறேன். சூடு தெரிகிறது. மூக்கின் நுனி ஈரமாகிறது. அவ்வளவுதான். வெந்நீர்ப் பானைக்கு மேல் குனிந்தால் என்ன தெரியுமோ அதுதான். இன்னொரு தடவை இழு. ஈரம். ஏட்டி, சனியன் பிடித்த மூக்கே, ஒரே ஒரு தடவை.

மீனெண்ணெய். அதைத்தான் தேட வேண்டும். யோசித்துப் பார்த்தால் சின்ன விஷயம்தான். மீனெண்ணெயில் பிள்ளையின் மூளைக்கும் கண்ணுக்கும் வேண்டிய சத்து இருக்கிறது, ஆனால் அந்த வாடையோடு கொடுத்தால் எந்தக் கர்ப்பிணி குடிப்பாள்? அதனால் எண்ணெயைக் கண்ணுக்குத் தெரியாத பொட்டுப் பொட்டாக உடைத்து, ஒவ்வொரு பொட்டையும் சுற்றிப் பால்புரதத்தாலும் பிசினாலும் ஒரு தோல் போர்த்தி, சூடான காற்றில் தெளித்துப் பொடியாக்குகிறோம். கையில் எடுத்தால் பால்பவுடர் மாதிரி இருக்கும். உள்ளே மீன், வெளியே ஒன்றும் தெரியாது. வாயில் உடையக் கூடாது, மூக்குக்குத் தெரியக் கூடாது, வயிற்றுக்குள் போய்த்தான் அவிழ வேண்டும். அந்தப் பொடியைச் சத்துமாவில் கலந்தால் கேழ்வரகும் பொட்டுக்கடலையும் ஏலக்காயும் மட்டும்தான் மணக்கும். தோல் சரியாக விழாவிட்டால்தான் வம்பு. வெயிலில் கிடங்கில் கிடக்கும்போது வெடிப்பு விடும், உள்ளே இருக்கிற எண்ணெய் காற்றுப் பட்டுச் சிக்கு வாடை பிடிக்கும். இயந்திரம் சில சமயம் கண்டுபிடிக்காது, பரிசோதனைக்கூடத்துத் தாளில் எல்லாம் சரியாக இருக்கும், ஆனால் மனுஷ மூக்கு கண்டுபிடித்துவிடும். அதற்குத்தான் நான். தூத்துக்குடி மாவட்டத்திலேயே இப்படி ஒரு மூக்கு கிடையாது என்று பழைய முதலாளி சொன்னார். மூக்கு மேடம் என்று பின்னால் சொல்கிறார்கள் என்று தெரிந்தபோது கோபம் வந்த மாதிரி நடித்தேன், வீட்டுக்குப் போய் கண்ணாடி முன்னால் நின்று சிரித்தேன். பக்கத்து வீட்டில் தாளிப்பில் பெருங்காயம் கூடிப்போனதை இங்கிருந்து சொல்லிவிடுவேன். தண்ணீர் லாரி வந்து நின்றால் எந்தக் கிணற்றுத் தண்ணீர் என்று சொல்லிவிடுவேன். என்ன ஆட்டம் ஆடியிருக்கிறேன். இப்போது மூன்று கிண்ணத்துக்கு முன்னால் சளி பிடித்த பிள்ளை மாதிரி இழுத்து இழுத்துப் பார்க்கிறேன். இந்தச் சரக்கு வெயில் மாதம் முழுக்கக் கிடங்கில் கிடந்த சரக்கு. வாங்குகிறவர்கள் சென்னையிலிருந்து வந்து மேல்மாடியில் உட்கார்ந்திருக்கிறார்கள். நான் சரி என்றால் மத்தியானமே லாரி ஏறும், மாவட்டம் மாவட்டமாகக் கர்ப்பிணிகளுக்குப் போகும். நான் சொல்ல வேண்டும். மூக்கு இல்லாத நான்.

இரண்டாவது கிண்ணம். திறந்தாயிற்று. இனிப்பு நாக்கில் தெரிகிறது, உப்பு தெரிகிறது, மாவு நாக்கில் ஒட்டுகிறது, நாக்கு மட்டும் வேலைக்கு வந்திருக்கிறது. பக்கத்து அறையில் பேச்சியம்மாள் இருக்கிறாள். பலகைக்கு அந்தப் பக்கம் மூடி வைக்கிற சத்தம் கேட்கிறது. பாவம், காலையிலேயே அவளை ஒரு பாடு படுத்திவிட்டேன். படுத்தியது நல்லதுதான், வேறு வழியில்லை, சட்டம் என்றால் சட்டம். ருசி பார்க்க வருகிறவர்கள் சென்ட் போடக் கூடாது, வாசனை சோப்பு கூடாது, தைலம் கூடாது, பூ வைக்கக் கூடாது. சட்டம் போட்டவள் நான். வாசலில் நான் நின்று ஒவ்வொருத்தரையும் முகர்ந்துதான் உள்ளே விடுவேன், அது வருஷக்கணக்காக நடக்கிறது. இன்றைக்கும் நின்றேன். நிற்காமல் விட்டால் ஏன் நிற்கவில்லை என்பார்களே. முதலில் இருதயராஜ், கணக்குப் பிரிவு, மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு வந்தார். சளியா சார், சளி என்றால் உட்காரக் கூடாது என்றேன். இல்ல மேடம், சும்மாத்தான் என்று கைக்குட்டையை மடித்துப் பையில் போட்டார். அடுத்து பேச்சி, பேக்கிங்கில் இருக்கிறவள், கத்தரிப்பூ நிறத்தில் பட்டு, தலை நிறைய பிச்சிப்பூ. எனக்குக் கண் இருக்கிறதே. கண் பார்த்ததை மூக்கு பிடித்த மாதிரி முகத்தைச் சுளித்தேன். "என்ன பேச்சி இது, வாசம் வாசல் வரைக்கும் வருது, எடுத்து வச்சிட்டு வா" என்றேன். "மேடம், இது வந்து..." என்று இழுத்தாள். "வந்தும் இல்ல, போயும் இல்ல. பூவை எடு." அவள் என் முகத்தையே பார்த்தாள். பின்னால் நின்றவர்களைத் திரும்பிப் பார்த்தாள். தரக்கட்டுப்பாட்டில் இருக்கிற சபீனா செல்போனை எடுத்து எதையோ தேடினாள். இருதயராஜ் இருமினார். பிறகு பேச்சி தலைக்குப் பின்னால் கையை விட்டு ஹேர்பின்னைக் கழற்றி, கை கழுவுகிற இடத்தில் பூவைப் போட்டுவிட்டு, "சரி மேடம்" என்று உள்ளே போனாள். மகளுக்கு இன்றைக்கு வளைகாப்பு, அரை நாள் லீவு கேட்டிருந்தாள், இங்கிருந்து நேராக மண்டபத்துக்குப் போகிறாள், அதனால்தான் பட்டு, அதனால்தான் பூ. எல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் அத்தனை பேருக்கு முன்னால் வாசல் வரைக்கும் வருது என்று ஒரு பொய்யை அந்தப் பூவின் மேல் ஏற்றினேன். பிச்சிப்பூ மணக்கத்தானே செய்யும், பொய்யென்று எப்படிச் சொல்வது. ஆனால் எனக்கு வரவில்லையே. வராததை வந்தது என்றேனே.

அவள் அந்த நேரத்தில் கேட்ட ஒன்று இருக்கிறதே, அதுதான் இன்னும் குடைகிறது. உள்ளே போகும்போது திரும்பி, "மேடம், இந்த மாவை எம் பொண்ணுக்கும் குடுக்கலாம்லா?" என்றாள். தாராளமா குடு என்றேன். தாராளமா. என்ன தாராளம் பார். வீட்டிலேயே என்னால் ஒரு சட்டியைக் காப்பாற்ற முடியவில்லை. பால் அடிப்பிடித்து வீடு முழுக்கத் தீய்ந்த வாடையாம், நான் அடுப்புக்குப் பக்கத்திலேயே நின்று வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கிறேன். பாஸ்டர் ஐயா சாப்பிட வந்த அன்றைக்குக் காலையில் வைத்த சாம்பார் கெட்டுப்போயிருந்தது, நான் அள்ளி அள்ளி ஊற்றினேன், அவர் ஒரு வார்த்தை சொல்லாமல் தட்டைத் துடைத்துச் சாப்பிட்டு, வீட்டுக்காக ஜெபமும் பண்ணிவிட்டுப் போனார். அவர் போனதும் ஜெபராஜ், என் வீட்டுக்காரர், சாம்பாரைத் தூக்கி வாசலில் கொட்டிவிட்டு, "ஏன் புஷ்பம், அவருமேல உனக்கு என்ன கோபம்?" என்று கேட்டார். கோபம்தான் என்று சொல்லிவிட்டேன். ஒரு தேவ ஊழியக்காரரிடம் கோபம் என்று சொல்வது எனக்கு மூக்கு போய்விட்டது என்று சொல்வதைவிட லேசாக இருந்தது. ஜெபராஜுக்கு ஒரே சந்தோஷம், இப்போதெல்லாம் வீட்டுக்குள்ளேயே சிகரெட் பிடிக்கிறார். முன்னால் சட்டையைத் தெருவிலேயே கழற்ற வைப்பேன். "வயசாக வயசாக உனக்கு குணம் வந்துருக்கு" என்கிறார். குணம். என் மேலேயே எனக்குப் பயம். வியர்வை வாடை வருகிறதோ, வாய் நாறுகிறதோ, காயாத ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டேனோ. காலையும் சாயங்காலமும் குளிக்கிறேன். பஸ்ஸில் யாராவது முகத்தைத் திருப்பினால் என்னால்தான் என்று தோன்றுகிறது. மதுரைக்குப் போய், இங்கே காட்டினால் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று மதுரைக்குப் போய், காது மூக்கு டாக்டரைப் பார்த்தேன். என்ன வேலை என்று கேட்டார். டீச்சர் என்றேன். அப்போ பரவாயில்லை, உங்க வேலைக்கு ஒண்ணும் பாதிப்பு இல்லை, வந்தா வரும் என்றார். வந்தா வரும். நான் சொன்ன கெட்டிக்காரப் பொய்க்கு நானே ஃபீஸ் கொடுத்துவிட்டு, கீழே வந்து கரும்புச்சாறு குடித்தேன். சர்க்கரைத் தண்ணீர் மாதிரி இருந்தது.

மூன்றாவது கிண்ணம். இதுவும் ஈரம்தான். இவ்வளவு நாள் எப்படி ஓட்டினாய் என்று யாராவது கேட்டால் சொல்வதற்கு வெட்கமாக இருக்கிறது, ஆனால் யாரும் கேட்கப்போவதில்லை, அதனால் நானே கேட்டு நானே சொல்லிக்கொள்கிறேன். மூஞ்சிகளைப் பார்த்தேன். வட்டமேசையில் சபீனா எனக்கு நேர் எதிரே. நல்ல மூக்கு, வாடை வந்தால் அவளுக்கு வலது நாசி மட்டும் லேசாகத் துடிக்கும், அவளுக்கே தெரியாது. இருதயராஜ் என்றால் கீழுதட்டை மடிப்பார். பேச்சி சும்மா சிரிப்பாள், பிடிக்காவிட்டால் சிரிப்பு நின்றுவிடும். நான் கிண்ணத்தை மூக்குக்குக் கீழே பிடித்துக்கொண்டு, கண்ணை மட்டும் சுற்றவிட்டு, யாருக்காவது ஏதாவது துடிக்கிறதா, மடிகிறதா, நிற்கிறதா என்று பார்த்து, அதற்குப் பிறகு என் முகத்தை வைப்பேன். ஒன்றும் அசையாவிட்டால் தலையை ஆட்டிச் சரி என்பேன். இந்த ஆறேழு மாதத்தில் பெரும்பாலும் ஒன்றுமே அசையவில்லை. நல்ல சரக்கு, தோல் நன்றாக விழுகிறது, என் அதிர்ஷ்டம் என்று நினைத்திருந்தேன். இந்தப் பலகைக்குள் உட்கார்ந்த பிறகுதான், பார்க்க ஒரு மூஞ்சியும் இல்லாமல் இந்தச் சிவப்பு வெளிச்சத்தில் என் கையையே பார்த்துக்கொண்டிருக்கிறபோதுதான், அது உறைக்கிறது. சபீனா எதற்காக எப்போதும் எனக்கு நேர் எதிரே உட்கார்ந்தாள்? இருதயராஜ் எதற்காகக் கிண்ணத்தைத் திறந்ததும் முதலில் என்னைப் பார்ப்பார்? ஐயோ. மூக்கு மேடம் முகம் சுளிக்கிறாளா என்றுதான் பார்த்திருப்பார்கள். மேடத்துக்கே வராதது நமக்கு எப்படி வரும் என்று மூக்கை அடக்கிக்கொண்டிருப்பார்கள். நான் அவர்கள் முகத்தைப் பார்த்தேன், அவர்கள் என் முகத்தைப் பார்த்தார்கள். கிண்ணத்தை யார் முகர்ந்தது? யாருமே இல்லையா? அந்த மாதங்களில் போன லாரி எல்லாம், நான் தலையாட்டிய மூட்டை எல்லாம். எங்கோ ஒரு மசக்கைக்காரி, அந்த நேரத்தில் அவர்கள் மூக்குக்கு என்ன கூர்மை, பக்கத்துத் தெரு மீன்குழம்புக்கே ஓடிப்போய் வாந்தி எடுப்பார்களே, அவள் கஞ்சிக் கிண்ணத்தை வாய்கிட்டே கொண்டுபோய், சத்து, பிள்ளைக்கு நல்லது, குடி குடி என்று பக்கத்தில் நிற்கிறவர்கள் சொல்ல, கண்ணை மூடிக்கொண்டு... வேண்டாம். நினைக்காதே. அப்படியெல்லாம் இருக்காது. தோல் நன்றாகத்தான் விழுந்திருக்கும்.

கனியிடம் கேட்கலாமா? சின்னக் கதவை இரண்டு விரலால் தட்டி, ஏட்டி கனி, உனக்கு என்ன தோணுது என்று மெதுவாகக் கேட்டால் சொல்லிவிடுவாள். சொல்ல மாட்டாள். கலக்குகிறவள் ருசி பார்க்கிறவரிடம் வாய் திறக்கவே கூடாது, அதுவும் நான் போட்ட சட்டம். காலையில் வரும்போது எல்லா ஜன்னலையும் திறந்து போட்டிருந்தாள். ஏசி ஓடுதே, ஏன் திறந்தே என்று கேட்டதற்கு, "சும்மா மேடம், காத்து வரட்டும்னு" என்றாள். சும்மா மேடம். எல்லோருக்கும் இன்றைக்குச் சும்மாதான். சொல்லிவிடலாமா? எழுந்து போய் மேலே நேராகவே, எனக்கு மூக்கு இல்லை சார், வேறு ஆளை வைத்துப் பாருங்கள் என்று. சொன்னால் என்ன, வேலை போகும். வேலைகூட இல்லை, வேலை போனால் ஜெபராஜ் சம்பளம் இருக்கிறது, இரண்டு பேர்தானே, சோற்றுக்குப் பஞ்சமில்லை. போவது அதில்லை. இத்தனை வருஷமாக இந்த மூக்கை வைத்துக்கொண்டு எத்தனை பேரை வாசலில் நிறுத்தியிருக்கிறேன், எத்தனை பேரை நாலு பேர் முன்னால் குளிச்சியா என்று கேட்டிருக்கிறேன், அவர்கள் எல்லாம் ஒரு நிமிஷம் என்னைப் பார்ப்பார்கள். அந்த ஒரு நிமிஷத்தை என்னால் தாங்க முடியாது. உள்ளே இருப்பது வெளியே தெரியாமல் மூடுவதுதானே நான் படித்த படிப்பு. மூடிக்கொண்டே இருந்துவிடலாம். தாளில் மூன்று கட்டம் இருக்கிறது, வாடை வருகிற கிண்ணத்துக்கு டிக் போட வேண்டும், எதிலும் இல்லையென்றால் கீழே 'இல்லை' என்று எழுத வேண்டும். பேனா கையில் வழுக்குகிறது. மூன்றில் ஒன்றுக்கு டிக் போடலாம், குருட்டாம்போக்கில். தப்பான கிண்ணமாக இருந்தால் மாட்டிக்கொள்வேன். இல்லை என்று எழுதினால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள், மேலே உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு மனசு குளிர்ந்துவிடும். இல்லை என்று எழுதினேன். கை தன்பாட்டுக்கு எழுதியது, பிறகுதான் நான் பார்த்தேன். கனியின் கை வந்து தாளை எடுத்துக்கொண்டு போனது.

எழுந்து வெளியே வந்தேன். மூன்றாவது கிண்ணம் ஏனோ கையிலேயே இருந்தது. கழுவப் போட்டுவிட்டு மேலே போகலாம் என்று கை கழுவுகிற இடத்துக்குப் போனேன். குழாய்க்குப் பக்கத்தில் பேச்சியின் பூ கிடந்தது. இவ்வளவு நேரம் ஈரத்தில் கிடந்தும் வெள்ளை வெளேரென்று அப்படியே இருக்கிறது, பிச்சிக்கு இந்நேரம் ஓரம் சிவந்திருக்க வேண்டும், நான் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுப் பூவை எடுத்தேன். பழக்கதோஷம், மூக்கு வரைக்கும் கொண்டுபோய்விட்டேன். விரலுக்குத்தான் முதலில் தெரிந்தது. துணி. துணியை வெட்டி, கஞ்சி போட்டு விறைப்பாக்கி, நைலான் நூலில் கோத்த பூ. பஸ் ஸ்டாண்டில் தொங்கவிட்டு விற்கிறார்களே, அது. மகள் வளைகாப்புக்குத் தலையில் பூ இல்லாமல் போக மனசு வராமல், மேடத்தின் சட்டத்தையும் மீறக் கூடாது என்று, வாசமே இல்லாத பூவாகப் பார்த்து வாங்கி வைத்துக்கொண்டு வந்திருக்கிறாள். அந்தப் பூவைத்தான் நான் வாசல் வரைக்கும் வருது என்றேன். சபீனாவின் செல்போன், இருதயராஜின் இருமல், இது வந்து மேடம். எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. காலையிலிருந்து தெரிந்திருக்கிறது. நான் அந்த அறைக்குள் உட்கார்ந்து யாருக்கும் தெரியாது யாருக்கும் தெரியாது என்று மூடிக்கொண்டிருந்த நேரம் முழுக்க, பலகைக்கு அந்தப் பக்கம் எல்லோரும் அதைத் தெரிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள். காது இரண்டும் சுட்டது. பூ கையில் இருந்தது, அதை வைக்கவும் முடியவில்லை.

"மேடம், பூவை எடுத்துக்கிடட்டா? மண்டபத்துக்கு நேரமாச்சு." பேச்சி பின்னால் நிற்கிறாள். அவள் என்னைப் பார்க்கவில்லை, என் கையிலிருந்த பூவைத்தான் பார்த்தாள், நான் வெட்கப்படுவேன் என்று அவள் பார்க்காமல் இருந்தாள். அதுதான் என்னை உடைத்தது. பூவைக் கொடுத்தேன். "பேச்சி, எனக்கு வாசம் தெரியல. காய்ச்சலுக்குப் பிறகு ஒண்ணுமே தெரியல" என்றேன். அவள் ஹேர்பின்னை வாயில் கடித்துக்கொண்டு பூவை வைத்துக்கொண்டிருந்தாள், கை நின்றது. கிண்ணத்தை எடுத்து அவள் முன்னால் நீட்டினேன். "இதை மோந்து பாரு. என் மூஞ்சியைப் பார்க்காத. உம் பொண்ணு குடிக்கப் போறதா நெனச்சுச் சொல்லு."

அவள் கிண்ணத்துக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. ஹேர்பின்னை வாயிலிருந்து எடுத்தாள். "இதை எதுக்கு மேடம் மோந்து பார்க்கணும்? காலையில நீங்க நிக்கும்போதே வாசல் வரைக்கும் வந்துச்சே. அழுகின மீன் மாதிரி. கனி ஜன்னலெல்லாம் தொறந்து போட்டும் போகல." பின்னை விரலில் திருப்பிக்கொண்டே சொன்னாள். "நீங்க பூவை மட்டும்தான் சொன்னீங்க, மீனைப் பத்தி ஒண்ணும் சொல்லல. சரி, அப்ப நமக்குத்தான் அப்படித் தோணுதுன்னு, எல்லாரும் இல்லைன்னு எழுதிட்டோம்."

"வா" என்றேன். "மேலே போவோம். அங்க வந்து இதை அப்படியே சொல்லு. முதல்ல பூவைப் பத்திச் சொல்லு, பிறகு மீனைப் பத்திச் சொல்லு." பேச்சி பின்னைக் குத்திக்கொண்டு என் பின்னால் வந்தாள். படியில் எங்களுக்கு எதிரே இருதயராஜ் இறங்கி வந்தார், என் கையில் இருந்த கிண்ணத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு மெதுவாகக் கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டார்.